அம்பாசிடருக்கு மாற்று எஞ்சின்: பென்சில் அச்சோடு ஒரு மல்லுக்கட்டு

மாற்று எஞ்சினில் பொறித்திருந்த எண்ணின்மேல் பென்சிலால் உரசி எடுத்த அச்சை மூன்றாம் முறையாகக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் மோட்டார் வாகன ஆய்வாளர் தலையசைத்தார். எஞ்சினை இறக்கி ஏற்ற இரண்டு நாள் ஆயிற்று. அந்த ஒரு வரி எண்ணைத் தாளில் எடுக்க மூன்று வாரம்.

எஞ்சின் பிளாக்கில் விரிசல் விழுந்த என் 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் 1817 சிசி இசுஸு எஞ்சினை உட்கார வைப்பதுதான் முதலில் போட்ட திட்டம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே அந்த எஞ்சினோடு அம்பாசிடரைப் பின்னாளில் விற்றதால், அனுமதிக்குத் தடை இராது என்று நம்பியிருந்தேன். ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எண் மட்டும் மாறுகிற அதே வகை எஞ்சினுக்கு வழி இருப்பதால், முணுமுணுத்துக்கொண்டே 1489க்குத் திரும்பினேன்.

சென்னையில் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எஞ்சின் கிடைத்தது, பில் கிடைக்கவில்லை. கடைசியில் பதிவு ரத்தான ஒரு வண்டியின் எஞ்சினை, ரத்து ஆணையின் நகலோடும் பில்லோடும் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்கினேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அச்சு எடுப்பதில்தான் சிக்கினேன். எண்ணின் மேல் பெயின்ட், பிசுக்கு, துரு எல்லாம் அடை அடையாக இருந்தன. எழுத்தின் விளிம்பு தேய்ந்தால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும் என்பதால், உப்புத்தாளையும் கம்பி பிரஷ்ஷையும் தொடாமல், பெயின்ட் ரிமூவரும் பழைய பல் பிரஷ்ஷுமாக ஒரு மாலை முழுவதும் தேய்த்தேன். முதல் முறை தடித்த தாளை வைத்து உரசியதில் 3க்கும் 8க்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டாம் முறை பளபளப்பான டேப்பில் பென்சில் வழுக்கியது. மங்கல் பரப்புள்ள டேப்பை எண்ணின்மேல் நகத்தால் அழுத்தி ஒட்டி, 6பி பென்சிலைச் சாய்த்து ஒரே திசையில் உரசி, உரித்து வெள்ளைத்தாளில் ஒட்டியபோது ஒவ்வோர் இலக்கமும் தனித்தனியாக எழுந்து நின்றது.

இசுஸு ஆசை மட்டும் விடவில்லை. ஆலையிலிருந்தே 1817 எஞ்சினோடு வந்த வண்டி ஒன்றைத் தேடத் தொடங்கிவிட்டேன். அதற்குள் இந்த வண்டியின் ஆர்சியில் புது எண் ஏற வேண்டும். ஏறியதும் காப்பீட்டுப் பத்திரத்திலும் அதை மாற்றியாக வேண்டும்.