முழங்கால் போர்டிலேயே இருக்கட்டும்

அமெரிக்க ராணுவப் பணியால் வந்த உடல் குறைகளுக்கு அங்கே முன்னாள் படையினர் துறை (வி.ஏ.) இழப்பீடு தரும், அதைக் கேட்டுப் போடும் விண்ணப்பம்தான் கிளைம். என் வலது முழங்கால் கிளைம் 2021 நவம்பரில் நிராகரிக்கப்பட்டது. படையில் இருந்த காலத்தில் முழங்காலுக்கு சிகிச்சை எடுத்ததற்குப் பதிவு இல்லை என்பதுதான் காரணம். அது உண்மைதான். ஆப்கானிஸ்தானில் பாக்ராம் தளத்தில் லாரியிலிருந்து குதித்தபோது கால் மடங்கியது. ரெண்டு நாள் நொண்டினேன், மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். மருத்துவரிடம் காட்டவே இல்லை.

நான் மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தவன். 2009-ல் மாவ்னி திட்டம் வந்தது. கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழிக்காக ராணுவத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அடிப்படைப் பயிற்சி முடியும்போதே குடியுரிமை, பதிலுக்கு நாலு வருடப் பணி. 2013-ல் வெளியே வந்தேன். கீழ்முதுகுக்கு 10 சதவீதம், காது இரைச்சலுக்கு 10 சதவீதம் ரேட்டிங் கிடைத்திருந்தது. குறை எவ்வளவு என்று வி.ஏ. போடும் அளவு அது, பணம் அதைப் பொறுத்தது.

முழங்காலை விட மனமில்லாமல் 2022 பிப்ரவரியில் 10182 படிவத்தில் போர்டுக்கு, அதாவது வி.ஏ.யின் மேல்முறையீட்டு வாரியத்துக்கு, அப்பீல் போட்டேன். நீதிபதியிடம் பேச வேண்டும் என்று ஹியரிங் வரிசையைத் தேர்ந்தெடுத்தேன். சும்மா படித்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் வரிசையைவிட அது மெதுவாக நகரும் என்பது பிறகுதான் உறைத்தது.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. இடது காலில் தொடையிலிருந்து பாதம் வரை மரத்துப்போவதும் மின்சாரம் பாய்வதுபோல் சுரீர் என்று இழுப்பதுமாக இருந்தது. சைனஸ் அதற்கு முன்பே தொந்தரவு செய்துகொண்டிருந்தது. என்னோடு பணியாற்றிய ஒருவர், "அப்பீல் முடியும்வரை புதுக் கிளைம் எதுவும் போடாதே, ஃபைலை போர்டிலிருந்து இழுத்துக் கீழே போட்டுவிடுவார்கள்" என்றார். காகித ஃபைல் காலத்தில் அந்தப் பயத்துக்கு அர்த்தம் இருந்தது. ஃபைல் ஒன்றுதான், அது வாஷிங்டன் போய்விட்டால் இங்கே யாரும் அதில் கை வைக்க முடியாது. இப்போது எல்லாம் கணினியில் இருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை. ஒன்றரை வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.

2023 ஆகஸ்ட் முதல் வாரம் எங்கள் கவுண்டியின் வெட்டரன்ஸ் சர்வீஸ் அலுவலருக்குப் போன் செய்தேன். முன்னாள் படையினருக்குக் கிளைம் போட உதவுபவர்கள் இவர்கள், காசு வாங்குவதில்லை. அவர் ஒரு முன்னாள் மரீன், பேச்சில் சர்க்கரை கிடையாது. நான் கதை சொல்லி முடிப்பதற்குள், முதலில் போனை வைத்துவிட்டு 'இன்டென்ட் டு ஃபைல்' போடு, கதையை அப்புறம் கேட்கிறேன் என்றார். கிளைம் போடப் போகிறேன் என்று சொல்லும் ஒரு அறிவிப்பு அது. போட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் முழு கிளைமையும் கொடுத்தால் அறிவிப்புத் தேதியே கிளைம் தேதியாகிவிடும், பணமும் அதிலிருந்து கணக்காகும். அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் பேக்ட் சட்டம், பணியிடத்தில் நச்சுப் புகை போன்றவற்றால் பாதிக்கப்பட்ட முன்னாள் படையினருக்கானது. அது கையெழுத்தானது 2022 ஆகஸ்ட் 10-ல். ஒரு வருடத்துக்குள் போட்டால் சைனஸ் பணம் அந்தத் தேதியிலிருந்தே கணக்காகும். அந்த வருடம் முடிய ஒரு வாரம்கூட இல்லை.

மறுவாரம் நேரில் போனேன். என் பட்டியலில் நான்கு இருந்தன: சைனஸ், இடது கால் நரம்பு, வலது இடுப்பு மூட்டு, கூடவே முழங்கால். அவர் பேனாவை எடுத்து முழங்காலை அடித்தார். ஒரே பிரச்சினையை ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் ஓட்ட முடியாது, அது போர்டிலேயே இருக்கட்டும் என்றார். மற்றவை வேறு பிரச்சினைகள், அப்பீலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, வழக்கமான 526 படிவத்தில் போடலாம்.

சைனஸ் சுலபம். பாக்ராமில் குப்பை எரித்த குழிகளின் புகையை நாங்கள் தினமும் சுவாசித்தோம். அந்தப் பகுதியில் பணியாற்றியவர்களுக்கு நாள்பட்ட சைனஸ் வந்தால் அது பணியால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். நோய் இருக்கிறது என்று காட்டினால் போதும். கால் நரம்புக்குக் காரணம் ஏற்கெனவே ரேட்டிங் உள்ள முதுகு. அதனால் முதுகைத் தொட்டு வந்த துணைக் குறை என்று போட்டோம். முதுகினால் வந்திருக்க வாய்ப்பு பாதிக்குக் குறையாது என்று என் நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கிளைமுக்கு அந்த அளவு உறுதி இருந்தால் போதும்.

இடுப்பு மூட்டில்தான் சிக்கல். முழங்காலைக் காப்பாற்ற சாய்ந்து நடந்து நடந்து வந்த வலி அது. ஆனால் முழங்காலே இன்னும் ஏற்கப்படவில்லை, அதைத் தொட்டு வந்தது எப்படி நிற்கும்? நிராகரிப்பார்கள், தெரிந்தே போடலாம் என்றார் அலுவலர். போட்டு, தோற்று, ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வருடத்துக்குள் பதில் நடவடிக்கை எடுத்துக்கொண்டே வந்தால் முதல் கிளைம் தேதி சாகாது. தோற்பதற்கென்றே ஒரு விண்ணப்பம் போடுவது எனக்கு விசித்திரமாக இருந்தது. போட்டேன்.

கிளைமுக்காக வி.ஏ. வைத்த மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில் மருத்துவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். வாய் தானாக "நல்லா இருக்கேன்" என்றது. வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "ஏங்க, கல்யாண வீட்டுக்கா போனீங்க?" என்றாள். நல்லவேளை, அவள் எழுதிய வாக்குமூலம் ஃபைலில் இருந்தது. எனக்கு மண்டையிடி வந்து ஆவி பிடிக்கும் நாளெல்லாம் சமையலறைக் காலண்டரில் 'ஆவி' என்று குறித்து வைப்பது அவள் வழக்கம், யூகலிப்டஸ் தைலம் எப்போது தீரும் என்று பார்ப்பதற்காக. ஒரு வருடத்தில் அப்படிப்பட்ட தாக்குதல் பதினொன்று. தலைவலி, சீழ்ச்சளியோடு ஆறு தடவைக்கு மேல் வந்தால் சைனஸுக்கு 30 சதவீதம். அந்தக் காலண்டர் பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருந்தோம்.

2024 மார்ச்சில் கடிதம் வந்தது. சைனஸ் 30, கால் நரம்பு 10, இடுப்பு மூட்டு எதிர்பார்த்தபடியே இல்லை. 30, 10, 10, 10 கூட்டினால் 60 என்று நாம் படித்த கணக்கு சொல்லும். வி.ஏ. கணக்கில் முதல் 30 போனால் மீதி 70, அடுத்த 10 சதவீதம் அந்த 70-ல்தான். இப்படியே போய் 49 வரும், அதைப் பத்துக்கு முழுமையாக்கினால் 50. இருபதிலிருந்து ஐம்பது. மொத்தம் 30-க்குக் குறையாததால் மனைவி, பிள்ளைகளுக்கும் கூடுதல் தொகை உண்டு, அதற்கு 686சி படிவம் தனி.

சைனஸ் பணம் 2022 ஆகஸ்டிலிருந்து வந்தது. கால் நரம்புக்கு 2023 ஆகஸ்டிலிருந்துதான். கையைக் கட்டிக்கொண்டிருந்த மாதங்கள் போனது போனதுதான்.

இடுப்பு மூட்டுக்கான ஒரு வருடக் கெடுவில் பதினோரு மாதம் காத்திருந்தேன். அதற்குள் முழங்கால் ஜெயித்தால் அதையே புது ஆதாரமாக வைத்து சப்ளிமென்டல் கிளைம் போடலாம் என்று கணக்கு. முழங்கால் விசாரணை வீடியோவில் முடிந்தது, தீர்ப்பு வரவில்லை. 2025 பிப்ரவரியில் இடுப்பு மூட்டையும் 10182-ல் போர்டுக்கே அனுப்பினேன். அதற்குத் தனி டாக்கெட் எண், அதாவது போர்டு வரிசையில் தனி இடம். முழங்காலுக்கு மூன்று வருடம் பின்னால் நிற்கிறது.