அலாரம் வைத்தது கனவுக்கு, எழும்பியது பால்வெட்டுக்கு

கையெல்லாம் ரப்பர் மரத்து ஒட்டுப்பால் நாற்றம். சோப்பு போட்டாச்சு, எலுமிச்சை தேய்ச்சாச்சு, தங்கச்சியின் ஏதோ ஒரு விலை கூடிய க்ரீமையும் அவளுக்குத் தெரியாமல் தடவியாச்சு. போகவில்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் காற்று வரவில்லை என்று சொல்லி நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டார். இத்தனைக்கும் நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். கனவு காணும்போது, இது கனவு என்று தெரிந்தே காண வேண்டும். தெரிந்துவிட்டால் நம் இஷ்டத்துக்குப் பறக்கலாம், செவுரைத் தாண்டி நடக்கலாம், மேனேஜரைக் கூப்பிட்டு நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம் என்கிறார்கள். பைசா செலவில்லை.

இதை யூடியூப் சரக்கு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். வான் ஈடன் என்ற டச்சு மருத்துவர் 1913-லேயே தன் கனவுகளை எழுதி வைத்து, லூசிட் ட்ரீம் என்று பெயர் போட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறார். 1975-ல் இங்கிலாந்தில், ஹல் பல்கலைக்கழகத்தில் நிரூபித்தே காட்டிவிட்டார்கள். கனவு வரும் உறக்கத்தில் கை கால் அசையாது, கண் மட்டும் அசையும். அதனால் ஆலன் வோர்ஸ்லி என்பவர் கனவுக்குள் இருந்தபடியே கண்ணை இடமும் வலமுமாக ஆட்டிச் சைகை கொடுக்க, கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் வெளியே இருந்து அதைக் கருவியில் பதிவு செய்தார். பிறகு அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தானே உறங்கித் தானே சைகை காட்டினார். எங்கள் ரூட் பஸ்ஸில் உறக்கம் கலையாமலே கண்டக்டருக்குச் சைகை காட்டி டிக்கெட் வாங்குகிற ஆட்கள் நிறைய உண்டு. அவர்களை எந்தப் பல்கலைக்கழகமும் கூப்பிடவில்லை.

தொடக்கக்காரர்களுக்குச் சில சோதனைகள் சொல்லியிருக்கிறார்கள். பகலில் அடிக்கடி செய்து பழக வேண்டும், அப்போதுதான் பழக்க தோஷத்தில் கனவிலும் செய்வோமாம். முதல் சோதனை, லைட் சுவிட்ச். கனவில் சுவிட்சைப் போட்டால் பெரும்பாலும் லைட் எரியாது. இதைக் கண்டுபிடித்த ஆள் மழைக்காலத்தில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் வந்திருக்கவே மாட்டார். எங்கள் வீட்டில் சுவிட்சைப் போட்டு லைட் எரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது கடிகாரம். ஒரு தடவை பார், கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார், நேரம் தாறுமாறாக மாறியிருந்தால் கனவு. முன்னறைக் கடிகாரத்தை அப்பா இருபது நிமிஷம் கூட்டி வைத்திருக்கிறார், பஸ்ஸை விடக்கூடாது என்று. அடுக்களைக் கடிகாரம் அம்மாவின் கணக்குப்படி ஓடுகிறது, அந்தக் கணக்கு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். சரி, எழுத்தையாவது இரண்டு தடவை படிப்போம் என்று பஸ் போர்டைப் பார்த்தால், "போர்டப் பாக்காதேயும், இது பேச்சிப்பாறை போற வண்டி" என்கிறார் கண்டக்டர். ஆய்வுக்கூட விதிப்படி நான் மாசக்கணக்கில் கண் விழிக்கவே இல்லை.

கடைசியில் நம்பகமானது மூக்கு ஒன்றுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுக்க வேண்டும். மூச்சு உள்ளே போனால் கனவு. இதில் பவர் கட் கிடையாது. ஆனால் கருங்கல் மாமி உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டில் சாப்பாடு. மாமி சாளை மீன் புளிமுளக் கறியைச் சட்டியோடு கொண்டுவந்து என் இலைக்கு நேராகக் குனிந்த நேரத்தில் என் கை பழக்கப்படி மூக்குக்குப் போய்விட்டது. பொத்தினேன், இழுத்தேன், மூச்சு வரவில்லை. கனவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்தபோது கனவாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. "நான் வெச்ச கறிக்கு உனக்க மவனுக்கு மூக்கப் பொத்தணுமோ?" என்று அம்மாவிடம் கேட்டவர்தான், கிறிஸ்மஸ் பலகாரம் இன்னும் வரவில்லை. வருஷா வருஷம் ஒரு பெரிய டின் நிறைய முந்திரிக்கொத்து வரும். அதைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை, என்னைப் பார்ப்பதோடு சரி.

இவ்வளவும் பழகி, ஒரு நாள் கனவு வந்தது. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலே தண்ணீர் ஓடுமே, அந்தத் தொட்டிக்குள் மார்த்தாண்டம் பஸ் போகிறது. கீழே 115 அடி. நான் ஜன்னல் சீட்டில் இருக்கிறேன். பக்கத்தில் எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார், மடியில் ஒரு பன்றிக்குட்டி. எந்த மடையனுக்கும் மூக்கைப் பொத்திப் பார்க்கத் தோன்றும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? "கீழ ரோட்டுப் பணி நடக்குது போல, அதான் மேல விட்டுருக்கான்." நிம்மதியாக டிக்கெட் எடுத்து, மீதிச் சில்லறைக்குக் காத்திருந்தேன். நம் ஊர் ரோட்டில் ஓடும் பஸ்ஸில் போய் வளர்ந்தவனைக் கனவால் ஆச்சரியப்படுத்த முடியாது.

அதனால்தான் அடுத்த வழிக்குப் போனேன். உறக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வரும், விடியலை நெருங்க நெருங்கக் கனவுப் பகுதி நீளும். ஆகவே படுத்து ஐந்து மணி நேரம் கழித்து அலாரம் வைத்து எழும்பி, அரை மணி நேரம் முழித்திருந்து, "அடுத்த கனவில் இது கனவு என்று நினைவு வைத்திருப்பேன்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மறுபடி உறங்க வேண்டும். லபெர்ஜ் சொன்ன வழி. பத்தரைக்குப் படுத்து மூன்றரைக்கு அலாரம். எழும்பித் திண்ணையில் இருட்டில் உட்கார்ந்தேன். மார்கழிக் குளிர். உள்ளேயிருந்து அப்பா வந்தார், தலையில் ஹெட்லைட்டோடு.

"எழும்பியாச்சா மக்ளே?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என் பிளஸ் டூ மார்க் வந்த அன்றைக்குக்கூட நான் கேட்டதில்லை. (மார்க் அப்படி.) நான் ரப்பர் விளைக்குள் கால் வைப்பதில்லை என்பது அவருடைய நாள்பட்ட குறை. நான் பதில் யோசிப்பதற்குள் கையில் வாளி வந்துவிட்டது. விஞ்ஞானத்துக்காக எழும்பினேன் என்று அந்த முகத்திடம் யார் சொல்வது?

ஒக்கி புயலில் சாய்ந்த மரங்களுக்குப் பதில் வைத்த கன்றுகள் இப்போதுதான் வெட்டுப் பருவத்துக்கு வந்திருக்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அப்பா முந்தைய வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலைச் சர்ரென்று ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போட்டார். கத்தியைச் சரிவாக வைத்து இழுத்தார். பட்டை நூல் மாதிரிச் சுருண்டு விழுந்தது. வெட்டுக்கோட்டில் முதலில் வெள்ளைப் பொட்டுகளாகப் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாகி, தகரத்தில் இறங்கிச் சிரட்டையில் சொட்டியது. "ஆழமா வெட்டப்பிடாது. உள்ள மரத்தத் தொட்டியன்னா கேடாயிரும்" என்று கத்தியை என்னிடம் தந்தார்.

மரத்துக்கு மரம் நடக்கும்போது, எதற்கு இந்த நேரத்துக்கு எழும்பினேன் என்பதைப் பாதி சொல்லிவிட்டேன்.

"சொப்பனம்னு தெரிஞ்சே காணதுக்கா அலாரம்? நான் எப்பவும் அப்படித்தானே காணுவேன்."

எனக்குக் கத்தி நின்றுவிட்டது. ஹல் பல்கலைக்கழகம் தேடின ஆள் எங்கள் வீட்டில் கைலி கட்டிக்கொண்டு நிற்கிறார். பறப்பீங்களா என்று கேட்டேன்.

"பறந்து எங்க போவ? எனக்க அம்மை வருவா. அடுக்களைத் திண்ணையில இருந்து மரச்சீனி தொலிப்பா. செத்துப்போனவன்னு எனக்குத் தெரியும், இது சொப்பனம்னும் தெரியும்."

"அப்போ என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யமாட்டேன். வாயத் திறந்து சொல்லிட்டா போயிருவாள்லா. தொலிச்சுத் தருவா, நான் வாங்கி வாங்கித் துண்டு போடுவேன். அவ்வளவுதான்."

கனவு என்று தெரிந்ததும் வரும் பரபரப்பில் முழிப்பு வந்துவிடும், அதனால் கைகளைத் தேய்த்து, எதையாவது தொட்டுக் கைக்கு வேலை கொடு என்று புத்தகங்களில் போட்டிருக்கிறது. இவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. பாட்டி போனது ஒக்கி அடித்த வருஷம், 2017. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அதற்குள் அடுத்த மரம் வந்துவிட்டது. "லைட்ட நேராப் பிடி, கண்ணுல அடிக்குது" என்றார், நானும் பிடித்தேன்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அம்மா ஆள் விட்டு எனக்கென்று புதிய ஹெட்லைட் வாங்கி வைத்துவிட்டாள். பையனுக்குப் பொறுப்பு வந்தாச்சு என்று செய்தி கருங்கல் வரைக்கும் போய், மாமி பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாராம், முந்திரிக்கொத்துதான் இன்னும் வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. வெட்டில்லாத நாளில் நீட்டி உறங்கலாம் என்றால், அஞ்சு மணிக்குக் கோயில் குழாய் ஸ்பீக்கர் ஒரு பக்கம், மறுபக்கம் சர்ச்சில் கிறிஸ்மஸ் பாட்டு ரிகர்சல். விஞ்ஞானிகள் சொன்ன அந்தப் பொன்னான கனவு நேரம் முழுக்க நான் சிரட்டை நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன்.

அலாரத்தை எடுத்துவிட்டேன். இப்போது அப்பாவே கட்டிலருகில் வந்து காலைத் தட்டுகிறார். வாளியைக் கொடுக்கும்போது மறக்காமல் ஒரு கேள்வி: "நேத்தாவது கண்டியா?"

"இல்லப்பா."

"உறங்கினாத்தானே மக்ளே காண முடியும்" என்கிறார்.