காலிமுகத்திடலில் ஒரு நிலா நடை

பள்ளிக்கூட விடுமுறை. வெள்ளவத்தை அக்கா வீட்டுக்குப் போயிருந்த என் தலையில், மருமகனுக்குக் கொழும்புக் கோள்மண்டலத்தைக் காட்டும் வேலை விழுந்தது. 1965இல் கைத்தொழில் கண்காட்சி ஒன்றுக்காகக் கட்டிய கட்டடம்; கூரை தாமரை மொட்டுப் போல இருக்கும். எனக்குக் கூரையில் கண், அவனுக்கு நிலாவில்.

"மாமா, நிலாவுக்குப் போன ஆக்கள் ஏன் நடக்காமல் முயல் மாதிரித் துள்ளினவை?"

ஆட்டோ காலிமுகத்திடலுக்கு வரும்வரை பதிலைத் தள்ளிப்போட்டேன். அங்கே மாலைக் காற்று வாங்க உலாத்தும் கூட்டத்தைக் காட்டினால் போதும். நடக்கும்போது ஊன்றிய காலின் மேலாக உடம்பு ஒரு வளைவில் ஏறி இறங்குகிறது. அதைக் கீழே இழுத்து வைத்திருப்பது ஈர்ப்பு. வேகம் கூடக்கூட அந்தப் பிடி போதாமல் கால் தரையை விட்டுவிடும். பூமியில் அது மணிக்கு 7 கிலோமீற்றர் அளவில் நடக்கும். நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒன்றுதான். கணக்குப்படி 3 கிலோமீற்றரிலேயே கால் கிளம்பிவிடும். கச்சான் கொறித்தபடி எங்களைக் கடந்துபோன அம்மாவின் வேகம் அவ்வளவுதான். அங்கே என்றால் அவரும் துள்ளத்தான் வேண்டும்.

"அப்ப நான் எவ்வளவு உயரம் பாய்வன்?"

இங்கே 30 சென்ரிமீற்றர் பாய்பவன் அங்கே 1.8 மீற்றர் எழும்பலாம். திரும்பித் தரை தொட 3 செக்கன் ஆகும். விண்வெளி உடுப்பின் பாரத்தைச் சேர்க்காத கணக்கு இது. அதைச் சொல்லி அவன் முகத்தை வாட வைக்க மனம் வரவில்லை.

சிக்கல் நிற்பதில்தான். எடை குறைந்தாலும் உடம்பின் திணிவு குறையாது. வரும் வழியில் ஆட்டோ சடாரென்று பிரேக் போட, இருவரும் முன்கம்பியில் முட்டிக்கொண்டோமே, அந்த உந்தல் நிலாவிலும் அப்படியே இருக்கும். தரையில் காலுக்குக் கிடைக்கும் பிடிதான் குறைவு. 1969இல் நிலாவில் நடந்த ஓல்ட்ரின், தடுமாறாமல் நிற்பதற்கு இரண்டு மூன்று, சிலவேளை நான்கு காலடிகள் எடுக்கும் என்றார். 1972இல் அப்பல்லோ 16இல் போன சார்லி டியூக் உயரம் பாய்ந்து பார்த்தார். முதுகிலிருந்த பொதி பின்னுக்கு இழுக்க, மல்லாக்க விழுந்தார். மூச்சுக்காற்றே அந்தப் பொதியில்தான் இருந்தது. நல்லகாலம், ஒன்றும் உடையவில்லை.

மருமகன் இறால் வடையோடு புல்லில் முயல் பாய்ச்சல் பாய்ந்து, சட்டென்று நின்று காட்டினான். வடை நின்றது. மேலிருந்த இறால் நிற்கவில்லை. காகம் முந்திக்கொண்டது.