புத்தகத்தில் தொலையும் ‘ன்’

எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியைக் கற்கும் தமிழர்களின் பயிற்சித் தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், சிவப்பு மை அதிகம் செலவாவது ஒரே எழுத்துக்குத்தான்: செயப்படுபொருளின் கடைசியில் வரவேண்டிய ‘ன்’. மொழியை உருவாக்கிய ஸாமென்ஹோஃப் 1887-இல் வார்சாவில் வெளியிட்ட முதல் நூலின் 16 விதிகளிலேயே இது உண்டு. பெயர்ச்சொல் ‘ஓ’வில் முடியும், பன்மைக்கு ‘ய்’ சேரும், இரண்டாம் வேற்றுமைக்கு அதற்கும் பின்னால் ‘ன்’. ஹுண்டோ நாய், ஹுண்டோன் நாயை, ஹுண்டோய்ன் நாய்களை.

நம்மிடம்தான் ‘ஐ’ இருக்கிறதே, இதிலென்ன சிரமம்? சிரமமே அந்த ‘ஐ’தான். நாயைப் பார்த்தேன் என்போம். ஆனால் புத்தகம் படித்தேன், காபி குடித்தேன். உயிரில்லாத பொருளென்றால் உருபை விழுங்கிவிடுவது நம் வழக்கம். அதனால் ‘மி வீடாஸ் ஹுண்டோன்’ (நான் நாயைப் பார்க்கிறேன்) என்று ஒழுங்காக எழுதிய கை, அடுத்த வரியில் ‘மி லெகாஸ் லிப்ரோ’ (நான் புத்தகம் படிக்கிறேன்) என்கிறது. லிப்ரோன் என்று இருக்க வேண்டும்.

‘ஹாவாஸ்’ (கொண்டிருக்கிறது) இன்னும் மோசம். ‘எனக்கு வீடு இருக்கிறது’ என்பதில் வீடு எழுவாய். ‘மி ஹாவாஸ் டோமோன்’ என்பதில் எழுவாய் நான், வீடு செயப்படுபொருள். ‘நான் வீட்டைக் கொண்டிருக்கிறேன்’ என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். கொடுமையான தமிழ், ஆனால் ‘ன்’ விடுபடாது.

அடைமொழியும் தப்பாது. ‘பெரிய நாய்களை’ என்பதில் ‘பெரிய’ அசையாமல் நிற்கும். அங்கே கிராண்டாய்ன் ஹுண்டோய்ன். எண்ணுப்பெயருக்கு மட்டும் விலக்கு: டு ஹுண்டோய்ன், இரண்டு நாய்களை.

விதி பிடிபட்டதும் வேறொரு நோய் வரும்: ‘எஸ்டாஸ்’ (ஆக இருக்கிறது) என்பதற்குப் பின்னாலும், ‘குன்’ (உடன்) என்பதற்குப் பின்னாலும் ‘ன்’ ஒட்டுவது. இரண்டிலும் கூடாது. ஆனால் ‘என்’ (இல், உள்ளே) என்ற முன்னிடைச்சொல்லில் அர்த்தமே மாறும். ‘என் ல ஜார்டேனோ’ (‘ல’ என்பது ஆங்கில ‘the’ போன்றது) நடந்தால் தோட்டத்துக்குள்ளேயே உலாவுகிறோம். ‘ஜார்டேனோன்’ என்றால் வெளியிலிருந்து உள்ளே போகிறோம். ‘அல்’ (நோக்கி) என்பதே திசையைச் சொல்லிவிடுவதால் அதற்கு ‘ன்’ தேவையில்லை.

எஸ்பெராண்டோவிலிருந்து 1907-இல் பிரிந்துபோன இடோ மொழி, செயப்படுபொருள் எழுவாயை முந்தும்போது மட்டும் ‘ன்’ போட்டால் போதும் என்று சலுகை கொடுத்தது. திருத்துகிறவருக்கு அந்தச் சலுகையே நல்ல சோதனை. சந்தேகமான வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். ‘ல ஹுண்டோன் வீடாஸ் ல காட்டோ’ என்றால் பார்ப்பது பூனைதான். ‘ன்’ விட்டுப்போனால் பார்ப்பது நாயாகிவிடும்.