ஜலகாம்பாறையில் ஒரு கார்த்திகைச் செவ்வாய்

ஆடிப் பதினெட்டில், ஏலகிரி மலையிலிருந்து விழும் ஜலகாம்பாறை அருவியில் கூடும் கூட்டத்துக்கு அஞ்சியே பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுவந்த பயணத்தை, சென்ற கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் என் தாயாரை அழைத்துக்கொண்டு நிறைவேற்றினேன். அருவி நீரை எடுத்துவந்து எங்கள் பூசையறை வேலுக்கு அபிஷேகம் செய்வதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். அதற்கென ஒரு பித்தளைச் செம்பை முதல் நாள் இரவே புளி போட்டுத் துலக்கி எடுத்து வைத்துவிட்டார்.

காட்பாடியில் ரயிலேறி ஜோலார்பேட்டையில் இறங்கி, திருப்பத்தூர் வழியாகச் சென்றோம். திருப்பத்தூரிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவு. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் உள்ளிட்ட பாரமகால் பகுதியை 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பெற்ற கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்), அதை ஆள அனுப்பிய அலெக்சாண்டர் ரீடு தங்கியிருந்த ஊர் அது. பின்னர் சேலத்திலும், அதன்பின் வட ஆர்க்காட்டிலும், வேலூரிலும் சேர்ந்திருந்து, 2019இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. ஆளும் அலுவலகம் இத்தனை முறை மாறியும், ஏலகிரி மலைமேல் பெய்யும் மழை பழைய வழியிலேயேதான் இறங்கிவருகிறது.

மலைமேல் ஓடும் அட்டாறுதான் சடையனூர்ப் பக்கம் பாறையிலிருந்து விழுந்து ஜலகாம்பாறை அருவியாகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய நீர் இது; கோடையில் வருபவர்கள் வெறும் பாறையைக் கண்டு திரும்புவதும் உண்டு. நாங்கள் சென்றதற்கு இரண்டு நாள் முன்புதான் மலையில் நல்ல மழை பெய்திருந்தது. ஆகவே, படிகளில் நடக்கும்போதே, அருவி கண்ணில் படுவதற்கு முன்பாக அதன் இரைச்சல் காதில் விழுந்தது.

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே நீரை நோக்கி விரைந்த என்னைத் தாயார் தடுத்தார். "மொதல்ல கால நனைச்சிட்டுக் கும்பிடுப்பா, அப்புறம் குளி" என்றார். மூலிகைகளைத் தழுவி வரும் நீர் என்பதால் நோய் தீரும் என்று சுற்றுவட்டார மக்கள் நம்புகின்றனர். அதைச் சோதித்துப் பார்க்க நான் மருத்துவனல்லன். தலையில் விழுந்த நீரின் குளிர்ச்சியில் மூச்சே ஒரு கணம் நின்றுபோனது என்பது மட்டும் உண்மை.

அருவிக்கு அருகிலுள்ள முருகன் கோயில்தான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது மாபெரும் சிவலிங்கம். உள்ளே எழுந்தருளியிருப்பவரோ முருகன். பிரணவப் பொருளைத் தந்தைக்கே உபதேசித்த பிள்ளை, இங்கே தந்தையின் உருவத்துக்குள்ளேயே குடிகொண்டிருக்கிறான். பழமையான கட்டடமன்று என்று உடன் வந்த ஒருவர் முகம் சுளித்தார். பழமைதான் வேண்டுமென்றால் அதற்கும் இம்மலையில் குறைவில்லை: ஏலகிரிச் சிற்றூர்களில் கிடைத்த புதிய கற்காலக் கற்கோடரிகளை மலைமக்கள் மரத்தடியில் வைத்துத் தெய்வமாக வழிபட்டு வருகின்றனர். கையிலிருந்த கருவி தெய்வமாவது முருகனின் வேலோடு தொடங்கியதன்று போலும்.

மனத்தை வருத்திய காட்சியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீராடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பாறை இடுக்குகளில் ஷாம்பூ உறைகளும், அவிழ்த்தெறிந்த பழந்துணிகளும், உடைந்த பாட்டில்களும் கிடந்தன. தரிசனத்துக்கு வந்தவர்கள் போட்டவை எவை, உல்லாசத்துக்கு வந்தவர்கள் போட்டவை எவை என்று பிரித்தறிய முடியவில்லை.

கால் வைக்க அச்சமூட்டிய அந்த இடத்தைத் தவிர்த்து, தாயார் அருவி விழும் இடத்துக்கருகிலேயே சென்று செம்பை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி நூலால் கட்டினார். திரும்பும் ரயிலில் அதைக் கீழே வைக்க அவர் ஒப்பவில்லை. ஆம்பூர் தாண்டியதும் உறங்கிப்போனார். மடியிலிருந்த செம்பை மட்டும் இரு கைகளும் விடவேயில்லை.