எழுபதுக்கு மேற்பட்ட எண்கள்

பிப்ரவரி 3

இன்றைய பிரெஞ்சு வகுப்பிலும் எண்கள்தான். பிரான்சில் தொலைபேசி எண்ணைப் பத்து இலக்கங்களாகச் சொல்வதில்லை. இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து சோடிகளாகச் சொல்கிறார்கள். அறுபத்தொன்பது வரை தொல்லை இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கிறது: எழுபத்தெட்டு என்றால் அறுபதும் பதினெட்டும், தொண்ணூற்று நான்கு என்றால் நான்கு இருபதும் பதினான்கும். ‘சுவாசாந்த்’ (அறுபது) என்று காதில் விழுந்தவுடன் கை 6 எழுதிவிடுகிறது. உடனே ‘தீஸுயித்’ (பதினெட்டு) வந்து அதை 7 ஆக்கச் சொல்கிறது. அதற்குள் அடுத்த சோடி கடந்து போய்விடுகிறது. நான் எழுதப் போகும் தொடக்கநிலைப் பிரெஞ்சு மொழித் தேர்வான தெல்ஃப் ஏ1இல் ஒலிப்பதிவு இரண்டு முறைதான் ஓடும் என்று ஆசிரியை மறுபடியும் நினைவூட்டினார்.

பிப்ரவரி 4

பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரடியான பெயர்கள் இருக்கின்றன என்பதை அறிந்தபோது, பிரான்சின் மீது உண்மையாகவே கோபம் வந்தது.

பிப்ரவரி 9

எதிர்வீட்டுச் சொல்தா தாத்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) மாலையில் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே இருந்தது உயிர்ச் சான்றுப் படிவம். வெளிநாட்டில் இருந்தபடி பிரெஞ்சு ஓய்வூதியம் பெறுவோர், தாம் உயிரோடு இருப்பதற்கு ஆண்டுதோறும் சான்று அனுப்ப வேண்டும். கெடுவுக்குள் போய்ச் சேராவிட்டால் பணம் நின்றுவிடும். அவருக்கு அந்த மொழி நாக்கில் இருக்கிறது, ஆனால் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்கு எழுத்து தெரிகிறது, பொருள் பாதிதான் பிடிபடுகிறது. ஆகவே நான் உரக்கப் படிப்பது, அவர் கேட்டுப் பதில் சொல்வது, நான் நிரப்புவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

முதல் வரியிலேயே தடை வந்தது. எழுதியிருப்பதையெல்லாம் ஒலிக்கும் நம் வாசிப்புப் பழக்கத்தில் நான் படித்தது, இளமை முழுவதும் அந்த மொழியில் ஆணைகளைக் கேட்ட மனிதருக்குப் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “செர்த்திஃபிக்கா... கடைசியில ‘த்’ வேணாம், பாப்பா” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லின் வாலையும் விட்டுவிட்டுப் படித்தேன். அவர் முகம் தெளிந்தது. பயிற்சிப் புத்தகத்தில் ஊமை எழுத்துகளைப் பற்றி எத்தனை பக்கங்கள் இருந்தாலும், எதிரில் இருப்பவர் முகம் தெளிவதைப் பார்த்துக் கற்பதற்கு ஈடாகாது என்று நினைக்கிறேன்.

புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பிய புதுச்சேரிக்காரர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. அன்று அவர் குடும்பம் போட்ட கையெழுத்தினால்தான் இந்த உறை இன்றும் எங்கள் தெருவுக்கு வருகிறது. இனி, அதிகாரி ஒருவர் முன்னால் அவர் நேரில் நின்று கையொப்பமும் முத்திரையும் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 13

தாத்தாவிடம் எண்களைச் சொல்லச் சொன்னேன். படையில் தமக்குக் கொடுத்திருந்த எண்ணை மூச்சுவிடாமல் சொன்னார். அதில் இரண்டு சோடிகள் எழுபதுக்கு மேல். மூன்றாவது முறை கேட்டபோது கணக்குப் போடாமலே எழுத வந்தது! அவர் எண்ணைக் கூட்டிப் பார்ப்பதில்லை. ‘காத்ர் வேன் தூஸ்’ (92) என்பது அவருக்கு ஒரே ஓசை. நானும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 17

பிரெஞ்சில் சுவர் ஆண்பால், மேசை பெண்பால். உயர்திணைக்கு மட்டுமே ஆண்பால், பெண்பால் பார்த்துப் பழகிய மனத்துக்கு இதில் காரணம் தேடாமல் இருப்பதே பெரும் முயற்சியாக இருக்கிறது. பெயரையும் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் ‘லு’ அல்லது ‘லா’வையும் சேர்த்தே மனப்பாடம் செய்கிறேன்.

பிப்ரவரி 22

தாத்தாவுக்கு இருமல் நிற்கவில்லை. அதிகாரியிடம் போவதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தோம்.

பிப்ரவரி 24

நேற்று இரவு மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறதாம். படிவம் என் பையில் இருக்கிறது.

பிப்ரவரி 27

பார்வையாளர் நேரத்தில் தாத்தாவின் மனைவியான ஆயா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்வரை நான் உட்கார்ந்திருந்தேன். தலைமாட்டுத் திரையில் ஆக்சிஜன் அளவு 91க்கும் 94க்கும் இடையே மாறிக்கொண்டிருந்தது. நாடித்துடிப்பு 78, 84, மறுபடி 78. எனக்கு வராத எண்கள் அத்தனையும் அந்தச் சிறிய திரையில் ஓடின. பயத்தை அடக்கிக்கொள்ள ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் முணுமுணுத்தேன். முகமூடிக்குள் அவர் உதடு அசைந்தது; குனிந்து கேட்டபோது, ‘காத்தோர்ஸ்’ (பதினான்கு) என்று நான் சொன்னதன் கடைசி ஓசையைத் திருத்திக்கொண்டிருந்தார். பேச வேண்டாம் என்று செவிலியர் சொல்லிவிட்டுப் போனார்.

தெல்ஃப் தேர்வில் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 வந்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக் கூடாது. இரவு முழுவதும் என் நினைவில் நின்றது அந்த 94தான். 94 இருந்தால் போதுமா, எத்தனைக்குக் கீழே போனால் ஆபத்து என்று மருத்துவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 2

95. காத்ர் வேன் கேன்ஸ்.

மார்ச் 6

தாத்தாவைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். படிவத்தின் கெடு 15ஆம் தேதி. நோயாளி நேரில் வர முடியாதபோது மருத்துவமனையின் கையொப்பமும் முத்திரையும் செல்லுமா என்று கேட்டு, தாத்தா சொல்லச் சொல்ல ஓய்வூதிய அலுவலகத்துக்கு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை. நாளைக் காலை எனக்குத் தேர்வு, முதலில் கேட்டல். கைப்பேசியை வெளியே வைத்துவிட வேண்டும் என்பதால், பதில் வந்தால் பார்க்கும்படி ஆயாவின் பேரனிடம் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறேன்.