ஐம்பத்து மூன்றில் ஒரு புல்லட்

போன மாசியில் பழைய புல்லட் ஒன்றை வாங்கி வந்து பாளையங்கோட்டை வீட்டு வாசலில் நிறுத்தினேன். எதிர்வீட்டுக்காரர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மகளுக்குக் கல்யாணம் பேசுகிற வயதில் மாப்பிள்ளை முறுக்கா?" என்றார். 53 வயதுக்காரன் ஸ்கூட்டரில் காய்கறிப் பையோடு போனால்தான் ஊருக்கு நிம்மதி போலிருக்கிறது.

இது வலது காலில் கியர், இடது காலில் பிரேக் உள்ள பழைய வகை. உதைப்பதற்கும் பக்குவம் வேண்டும். எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தளர்த்துகிற டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் லிவரை விட்டுவிட்டு ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். முதல் வாரம் என் கெண்டைக்கால் நாவற்பழ நிறத்தில் இருந்தது. மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு விடியலில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகப் பாபநாசம் போகிறேன். 60-க்கு மேல் ஓட்டுவதில்லை, முதுகு சம்மதிக்காது. ஹெல்மெட் கண்ணாடியில் ஆனிச் சாரல், தாமிரபரணியில் ஒரு முழுக்கு, பிறகு சூடாக இட்லி.

சென்ற வாரம் மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டாள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க வேண்டுமாம்.